முதலில் எதிராளி

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பேர். வைத்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே அவர் ஏதோ ஒரு செய்தியின் நடுவில் இருப்பார். முதல் பாதியை வழியிலேயே பேசி முடித்திருப்பார்.

“மழை வரும்னா வரும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குப் பின்னாடி போர் மேளம்? மழை என்ன எல்லையைத் தாண்டியா படையெடுத்து வருது?”

“அண்ணே, முதல்ல அந்தக் குடையை வெளிய வைங்க. ரெக்சின் மேல சொட்டுது” என்பார் மிஷின் அக்கா.

பெரிய தையல் இயந்திரம் மிஷின் அக்காவின் ஆட்சி. கிழிந்த இருக்கைகள் பணிமனையிலிருந்து வண்டியில் வந்து இறங்கும். பழைய உறையைப் பிய்த்து, நைந்த ஸ்பஞ்சை எடுத்து எறிந்து, புதிதாக வெட்டிப் போடுவது பஞ்சு. அவனுக்கு வயது முப்பது. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் தலைமுடியிலும் புருவத்திலும் ஸ்பஞ்சுத் தூள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அக்கா தைத்துக் கொடுத்த உறையை இழுத்து மாட்டி, சுருக்கம் விழாமல் அடியில் பின் அடிப்பது ரேடியோ. கை இழுக்கும், வாய் பேசும். இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்ததில்லை.

வீட்டில் டிவி பொதுச் சொத்து. ஏழு மணிவரை மனைவியின் பாட்டுப் போட்டி, அதற்குமேல் அவருடைய செய்தி. பாட்டுப் போட்டியையும் அவர் சும்மா விடுவதில்லை.

“அந்த நடுவர் மறுபடி அழறார் பாரு. பாடுற பொண்ணுக்கு அப்பா இல்லைன்னா அதுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? சுதி சேர்ந்ததா இல்லையா, அதைச் சொல்லு.”

“உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது.”

“இருக்கு. அந்த சோபா மேல இருக்கு. அவர் குலுங்கி அழும்போது ஓரத்துல எப்படிப் பிதுங்குது பாரு. உள்ள மட்ட ஸ்பஞ்ச், மேல தங்கக் கலர் துணி. நிகழ்ச்சியே அப்படித்தான் பண்ணியிருக்கான்.”

செய்தி வந்தால் குரல் ஏறிவிடும். எட்டுக் கட்டத்துக்குள் எட்டுத் தலைகள், எட்டும் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்க்கும்போது அவருக்குப் பொறுக்காது. அடுத்தவர் பேசுவதைக் கேட்கிற முகம் அதில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தன் முறைக்குக் காத்திருக்கிற முகங்கள் என்பார். நடிகர் ஒருவர் மனைவியைப் பிரிந்த செய்தியை, பாலம் இடிந்த செய்திக்கு முன்னால், பாலம் இடிந்த குரலிலேயே வாசித்த அன்றைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். படம் வெளியான அன்று இடைவேளையிலேயே வெளியே ஓடிவந்து, செல்போனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “மீதிப் பாதியை உங்கப்பனா பார்த்தான்?” என்று திரையைக் கேட்பார்.

“அவங்களுக்குக் கேட்காது” என்பாள் மனைவி.

“கேட்டா மட்டும் நிறுத்திடுவானுங்களா?”

டிவிக்காரர்களுக்கு வாதாடத் தெரியவில்லை என்பதுதான் அவருடைய மொத்தக் குற்றச்சாட்டு. வாதாடத் தெரிந்த ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதையும் அவர் அறிவார். அது பட்டறையின் சாப்பாட்டு மேஜை.

சில வருடங்களுக்கு முன்னால், இரண்டு நடிகர்களில் யார் பெரியவர் என்று பேச்சு முற்றி, பட்டறையில் ஒருவன் மரச் சுத்தியலை வீசினான். இன்னொருவன் குனிந்துகொண்டதால் தலை தப்பியது, ஜன்னல் போயிற்று. அந்த நடிகர்கள் இருவரும் அந்த நேரம் ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொண்டிருந்ததாக மறுநாள் செய்தி வந்தது. மிஷின் அக்கா அன்றைக்கு மேஜைக்கு ஒரு சட்டம் போட்டார்.

“இனிமே இங்க யார் எதைப் பத்தி வாதாடினாலும், முதல்ல எதிராளி சொல்றதைச் சொல்லணும். கிண்டலா இல்லை, ஒழுங்கா. எதிராளியே ‘ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்’னு தலையாட்டணும். அப்புறம்தான் உன் பேச்சு.”

அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும், சண்டை வராது என்பது அக்காவின் கணக்கு. ஆனால் ரேடியோவுக்கு அந்தச் சட்டம் கை நிறையக் கிடைத்த புதையல் ஆயிற்று. எதிராளிக்காக எதிராளியைவிட நன்றாகப் பேசினார். பேச வராதவர்கள், “அண்ணே, என் பக்கத்தை நீங்களே சொல்லிடுங்க” என்று அவரிடமே கொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு தடவை எதிர்ப்பக்கத்தை அவ்வளவு நன்றாகச் சொன்னதில் தானே அந்தப் பக்கம் சாய்ந்து, தன் பக்கம் பேச ஆளில்லாமல் நின்றார். அன்றைக்கு மேஜை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் இந்த மாதிரி ஒரு தோல்வியை எந்த டிவியிலாவது பார்த்திருக்கிறோமா என்று பேருந்தில் போகும்போது பெருமையாக நினைத்துக்கொண்டார்.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. “உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லுங்க. சமைச்சவ பக்கத்து நியாயத்தை எனக்கே எடுத்துச் சொல்லாதீங்க” என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரேடியோவின் தங்கை அங்கே நர்ஸ். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். தினமும் வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது அண்ணனுக்குப் போன் செய்வாள். அவள் வார்டைச் சொல்வாள், அவர் நாட்டைச் சொல்வார். பேருந்து வந்ததும் இரண்டும் பாதியில் நிற்கும்.

இரவில் ஒரு வார்டு முழுக்க ஒரே நர்ஸ். அப்படி நின்ற ஒருத்தி மயங்கி விழுந்து, நோயாளிகள் கத்திக் கூப்பிட்டும் ஆள் வர விடிந்துவிட்டது. அதன் பிறகுதான் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை. நாள் குறித்து வைத்திருந்த ஆபரேஷன்கள் மட்டும் தள்ளிப்போயின. தள்ளிப்போனவற்றில் ஒன்று பஞ்சுவின் அம்மாவுக்கு. இடுப்பெலும்பு. இரண்டு தடவை தேதி கொடுத்து, இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“உங்க தங்கச்சி பந்தல்ல உட்கார்ந்திருக்காங்க. எங்கம்மாவால உட்காரக்கூட முடியலை” என்றான் பஞ்சு, சாப்பாட்டு மேஜையில்.

ரேடியோ டப்பாவை மூடி வைத்துவிட்டு, சட்டப்படி முதலில் பஞ்சுவின் பக்கத்தைச் சொன்னார். வலியில் துடிக்கிற ஒரு தாய். அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் வாயில் துணியைக் கடித்துக்கொள்கிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் இருக்கிற மகன். அவனுக்கு யார்மேல் கோபம் வரும்? சொல்லி முடித்தபோது பஞ்சு புருவத்துத் தூளைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தான். “ஆமாண்ணே. அதான்” என்றான். பிறகு ரேடியோ நர்சுகளின் பக்கத்தைச் சொன்னார். பஞ்சு தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டான்.

“அதுவும் சரிதான். ஆனா அம்மாவோட வலி அப்படியேதான் இருக்கு” என்றான்.

யாரும் ஜெயிக்கவில்லை. எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

அன்று மாலை தங்கைக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவரை, எதிர்ப் பேருந்து நிறுத்தத்திலேயே மைக் பிடித்துக்கொண்டது. பிடித்திருந்தவள் சின்னப் பெண், பின்னால் ஒரு கேமராக்காரர்.

“சார், வேலைநிறுத்தம் பத்தி மக்கள் கருத்து. ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷத்துல கருத்து வராதும்மா. கொட்டாவிதான் வரும்.”

அவள் சிரித்துவிட்டாள். “எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க சார்.”

இந்த வாக்கியத்தை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பிஸ்கட் பொட்டலத்தைக் கேமராக்காரர் காலடியில் வைத்துவிட்டுப் பேசினார். முதலில் எதிராளி. பஞ்சுவின் அம்மாவைக் கண்முன் நிறுத்திக்கொண்டு, மதியம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். “வலியில துடிக்கிற ஒரு தாயை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டு, இங்க பந்தல்ல உட்கார்ந்து கோஷம் போட இவங்களுக்கு எப்படி மனசு வருது?” என்று கேட்டு நிறுத்தினார், மேஜையில் நிறுத்துவதுபோலவே. மைக் பிடித்த பெண் தலையாட்டினாள். சரி, ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டு தன் பக்கத்துக்கு வந்தார். அதை இன்னும் அதிக நேரம் பேசினார். பேருந்துக்கு நின்றவர்களில் ஒருவர் கைதட்டினார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனபோது தங்கை கூட்டத்தில் இருந்தாள். யாரிடமோ கொடுத்துவிட்டு, காற்றில் மிதந்து வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே மனைவியிடம் கெஞ்சி, பாட்டுப் போட்டியின் கடைசிப் பாட்டைப் பறித்தார். சிவப்புப் பட்டை ஓடியது. ‘கொதிக்கும் பொதுமக்கள்.’ அவர் முகம் வந்தது. “வலியில துடிக்கிற ஒரு தாயை” என்று தொடங்கி, “எப்படி மனசு வருது?” என்று முடிந்தது. மேளம். அடுத்த முகம்.

“அவ்வளவுதானா?” என்றாள் மனைவி.

“இரு, வரும்.”

உடம்பு இளைக்க ஒரு பொடி வந்தது. சிமெண்ட் வந்தது. மீதி வரவில்லை.

விடிவதற்குள் அது ஊர் முழுக்கப் போன்களில் ஓடியது. யாரோ அதை மெதுவாக ஓடவிட்டு, கடைசி வார்த்தைக்கு நெருப்பு வைத்து, ‘பொங்கி எழுந்த பெரியவர்’ என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். பெரியவர் என்றதில் அவருக்குத் தனியாக ஒரு வருத்தம். தங்கைக்குப் போன் செய்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். மாலை, பேருந்து நேரத்தில் அவள் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சேனல் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் காத்திருக்கச் சொன்னார்கள். மதியம்வரை காத்திருந்தார். மைக் பிடித்த பெண் வெளியே வந்தபோது கையில் பாதி சாப்பிட்ட ரொட்டி.

“நீங்க சொன்னதுதானே சார் போட்டோம்? ஒரு வார்த்தை நாங்க சேர்க்கலையே.”

“சேர்க்கலைம்மா. விட்டுட்டீங்க. நான் நர்சுங்க பக்கம் பேச வந்தவன்.”

“உங்க பேச்சு ரொம்ப நீளம் சார். எங்களுக்கு மொத்தமே எட்டு செகண்ட்தான் தர்றாங்க.”

“அந்த எட்டு செகண்டுக்கு நான் பின்னாடி பேசினதை எடுத்திருக்கலாமே?”

“அதைத்தான் பந்தல்ல இருக்கிற அத்தனை பேரும் சொல்றாங்களே சார். எதிர்ப்பக்கம் சொல்லத்தான் ஆள் கிடைக்கலை. காலையிலேர்ந்து நின்னோம். ஒருத்தருக்கும் கோர்வையாச் சொல்ல வரலை. நீங்கதான் அவ்வளவு நல்லாச் சொன்னீங்க.”

மனசாரப் பாராட்டினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “மீதி வீடியோவைக் கொடும்மா, என் தங்கச்சிகிட்ட காட்டணும்” என்றார். அது அன்றைக்கே அழிக்கப்பட்டுவிட்டதாம்; வைக்க இடமில்லையாம். கோபமாகக் கத்தலாம் என்று வாயைத் திறந்தார். இந்தப் பெண்ணுக்கு மேலே யாரோ இருப்பார், அவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார், எட்டு செகண்ட் என்று எழுதியவர் அங்கே இருப்பார் என்று அவள் பக்கத்து நியாயம்தான் முதலில் வந்து நாக்கில் நின்றது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

அங்கிருந்து நேரே பந்தலுக்கு நடந்தார். தார்ப்பாய்க்குள் நுழையும்போதே ஒருத்தி, “வழி விடுங்கடி, பொங்கி எழுந்தவர் வந்துட்டாரு” என்றாள். இன்னொருத்தி வாயாலேயே மேளம் அடித்தாள். சிரிப்புக்கு நடுவிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். அண்ணனைச் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனாள்.

“வெட்டிட்டாங்கம்மா. அதுக்கு அப்புறம் நான்...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீ எப்படிப் பேசுவேன்னு எனக்குத் தெரியாதா அண்ணா? முதல்ல எதிராளி, அப்புறம் நாம. டிவியில பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. நீ என்ன சொல்லியிருப்பேன்னு மீதியை நானே மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன்.”

“அப்ப ஏன் போன் எடுக்கலை?”

அவள் ஒரு சைக்கிள் மணியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை.

“புகுந்த வீட்டை விட்டு நான் பெட்டியோட வந்தேனே, அன்னிக்கு நீ என்ன பேசினே, ஞாபகம் இருக்கா?”

“என்ன பேசினேன்? உன்னை உள்ளதானே கூட்டிட்டு வந்தேன்?”

“கூட்டிட்டு வந்தே. உட்கார வெச்சே. உட்கார வெச்சுட்டு, அவர் பக்கம் என்ன நியாயம் இருக்கும்னு ஆரம்பிச்சே. வேலையில அவருக்கு நெருக்கடி, அவங்கம்மா வளர்ப்பு அப்படி, குடிக்கிறவன் எல்லாம் கெட்டவன் இல்லை. அண்ணி எனக்குத் தண்ணி கொடுத்துட்டுச் சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டாங்க. அப்புறம் நீ என் பக்கம் பேசினே. நல்லாத்தான் பேசினே. ஆனா அதுக்குள்ள எனக்குக் காது அடைச்சுப்போச்சு.”

“அது... ரெண்டு பக்கமும் பார்க்கணும்னு...”

“ஊருக்கு ரெண்டு பக்கமும் பாரு அண்ணா. நான் வந்து நிக்கும்போது ஒரே ஒரு தடவை என் பக்கத்தை முதல்ல சொன்னா என்ன? டிவிக்காரன் வெட்டுனது எனக்குப் பெரிசு இல்லை. வெட்டினா இப்படி ஆகும்கிற மாதிரி நீ பேசறே பாரு, அது.”

அவருக்குப் பதில் இருந்தது. நீளமான பதில். அது எங்கே தொடங்கும் என்பதும் அவருக்குத் தெரிந்ததால் பேசாமல் நின்றார்.

சங்கச் செயலாளர் வந்தார். சுறுசுறுப்பான பெண்மணி, கையில் போன். “சார், நடந்தது நடந்துபோச்சு. பத்து செகண்ட் பேசுங்க. நர்சுங்க கேட்கிறது நியாயம்னு. அதே முகம், அதே குரல். இன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிடறோம். அந்த வீடியோவுக்கு இதுதான் மருந்து.”

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

பந்தலின் பதாகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். “ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க வலி பெரிய வலி. ஆனா...” என்று தொடங்கினார்.

“சார், ஆனா வேண்டாம்.”

“சரி. இதுல ரெண்டு பக்கம்...”

“ஒரு பக்கம் போதும் சார்.”

அடுத்த தடவை வாயைத் திறந்தார். பஞ்சுவின் அம்மாவை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். கட்டிலில் படுத்தபடியே, “உட்காருங்க தம்பி” என்று நாற்காலியைக் காட்டிய கை இப்போது கண்முன் நின்றது. அவரை விட்டுவிட்டு எப்படித் தொடங்குவது? இது அந்த எட்டு செகண்டின் மறுபாதிதானே? பின்னால் வரிசையாக நர்சுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தங்கை அடக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பெட்டியோடு வந்த அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது என்பது இப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

“என் தங்கச்சி கேட்கிறது நியாயம்” என்றார். “நான் அவ பக்கம்.”

பந்தலே கைதட்டியது. “ஒரு இடத்துலகூட வெட்ட வேண்டாம். கச்சிதம்” என்றார் செயலாளர். தங்கை வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை. “சாயங்காலம் போன் பண்றேன்” என்றாள்.

பண்ணினாள். வார்டு இல்லாததால் பந்தலைப் பற்றிச் சொன்னாள். அவர் நாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் மனைவி வீடியோவைத் தன் போனில் இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசின மாதிரி இல்லை” என்றாள்.

மறுநாள் காலையில் ரேடியோ செய்தி எதுவும் இல்லாமல் பட்டறைக்குள் வந்தார். பஞ்சு ஸ்பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. வெட்டிய துண்டுகளை மட்டும் வழக்கம்போல அவர் பக்கம் தள்ளினான். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு எதிரே, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தான்.

“பார்த்தேண்ணே” என்றான்.

“ம்.”

“நம்ம மேஜையில பேசின மாதிரிதானே அங்கயும் பேசியிருப்பீங்க? மறுபடி வெட்டிட்டாங்களா?”

குரலில் குத்தல் இல்லை. அதை உறுதிசெய்துகொள்ள அவன் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்றால் நம்பிவிடுவான். நம்பத்தான் கேட்டான். அந்தப் பக்கம் மிஷின் அக்கா டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், திறக்கவில்லை.

“இல்லைப்பா. நான் சொன்னதே அவ்வளவுதான்.”

பஞ்சு தலையாட்டினான். எதிராளி சரியாகச் சொன்னால் ஆட்டுகிற தலையாட்டல் இல்லை அது. சாப்பிடத் தொடங்கினான்.

ரேடியோவுக்கு விளக்கம் தொண்டைவரை வந்தது. தங்கையின் கண், பெட்டி, காது அடைத்தது என்று எல்லாம் வந்தது. எல்லாமே தன் பக்கம். அதைச் சொல்லும் முன் இவன் பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“அப்படியேதான்” என்றான் பஞ்சு. ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, “சாப்பிடுங்கண்ணே, ஆறிடும்” என்றான்.